இரண்டு மருந்துக்கும் இணங்காத மனச்சோர்வு: அடுத்து எந்தச் சிகிச்சை?

மனச்சோர்வுக்கான மருந்தொன்றைப் போதிய அளவில், ஆறு கிழமையளவு ஒழுங்காக எடுத்தும் குணமில்லை, மாற்றிக் கொடுத்த இரண்டாவது மருந்தும் அப்படியே போய்விட்டது என்றால், அந்த நிலையைச் சிகிச்சைக்கு எளிதில் இணங்காத மனச்சோர்வு என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தக் கட்டத்துக்கு வந்து சேரும் குடும்பத்துக்குப் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் ஒரு வழி சொல்லப்படும். ரொறன்ரோவில் இருக்கும் மகன் காந்தச் சிகிச்சை பற்றிய காணொளி ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்புவார். கோயிலில் நூல் கட்டினால் போதும் என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். பிரச்சினை சிறியதன்று. 2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ். மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்றில், பங்குபற்றியோரில் 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. அவர்கள் எல்லோருக்கும் மருந்து தேவைப்பட்டிராது. மருந்து தேவைப்படுவோரில் ஒரு பகுதியினர் எங்கும் இந்தச் சந்திக்குத்தான் வந்து நிற்கிறார்கள்.

இங்கிருந்து பிரியும் வழிகளைப் பல்கலைக்கழக ஆய்வுகள் தரும் விடைகளைக் கொண்டு ஒப்பிட முயல்கிறேன். ஒப்பிடும்போது ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்வது நல்லது: அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் யார், அவர்களில் எங்கள் வீட்டு நோயாளியைப் போன்றவர் இருந்தாரா? எத்தனை வீதத்தினருக்குக் குணமானது என்ற எண்ணைக் காட்டிலும் இந்தக் கேள்வியே தெரிவை அதிகம் மாற்றுகிறது.

வழிகளுக்குள் இறங்குமுன் இரண்டு மருந்தும் உண்மையிலேயே தோற்றனவா என்று பார்த்தாக வேண்டும். குளிசையைத் தொடங்கிப் பத்தாம் நாள் வயிற்றுப் பிரட்டலுக்குப் பயந்து நிறுத்தியது தோல்வியாகாது. தொடக்க அளவிலேயே மாதக்கணக்கில் நின்றதும் அப்படித்தான். தைரொயிட் சுரப்புக் குறைவு, இரத்தச்சோகை, வீட்டார் மறைக்கும் குடிப்பழக்கம் ஆகியவை மருந்தின் வேலையைக் கெடுக்கக்கூடியவை. முதலிரண்டையும் இரத்தப் பரிசோதனையில் அறியலாம். மூன்றாவதை யாராவது வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது, முன்பொரு காலத்தில் நித்திரையே இல்லாமல், மிதமிஞ்சிய உற்சாகத்தோடு, கணக்கில்லாமல் செலவு செய்த நாட்கள் இருந்தனவா என்பது. இருந்திருந்தால் நோய் இருதுருவக் கோளாறாக இருக்கலாம். அதற்குரிய மருந்துகளே வேறு. இந்தத் தகவலை நோயாளி பெரும்பாலும் சொல்லமாட்டார், அவருக்கு அவை நல்ல நாட்களாகவே நினைவிருக்கும். கூடப் போகிறவர்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது வழி, மூன்றாவது மருந்துக்கு மாறுவது. செலவில்லாத, பழகிய வழி என்பதால் பலரும் இதிலேயே ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். 2006 இல் முடிவுகள் வெளியான, அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பேரை உள்ளடக்கிய ஸ்ரார்-டி ஆய்வு இதற்கு ஓர் எச்சரிக்கை. முதல் மருந்தில் மூன்றிலொரு பங்கினர் அளவில் குணமடைந்தார்கள். மூன்றாம், நான்காம் படிகளுக்கு வந்தவர்களில் ஏறத்தாழ 13 அல்லது 14 வீதத்தினரே குணமடைந்தார்கள். நான்கு படிகளையும் சேர்த்தால் 67 வீதத்தினர் குணமடைவர் என்று அந்த ஆய்வாளர்கள் கணித்தார்கள். அதே தரவுகளை ஆய்வின் மூலத் திட்டப்படி மீளக் கணக்கிட்ட வேறொரு குழு, அந்த எண்ணிக்கை 35 வீதம்தான் என்று 2023 இல் எழுதியது. எந்தக் கணக்கை எடுத்தாலும், மாற்றி மாற்றிப் பார்ப்பதில் கிடைக்கும் பயன் படிக்குப் படி சுருங்குகிறது.

இரண்டாவது வழி, எடுக்கும் மருந்தை நிறுத்தாமல் துணை மருந்தொன்றைச் சேர்ப்பது. வொஷிங்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று முதியவர்களிடம் நடத்தி 2023 இல் வெளியிட்ட ஆய்வில், அரிபிப்பிரசோலைச் சேர்த்தவர்களில் 28.9 வீதத்தினரும், வேறு மருந்துக்கு மாறியவர்களில் 19.3 வீதத்தினரும் குணமடைந்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வு லித்தியத்தையும் குவெற்றியாபினையும் ஓராண்டு காலம் ஒப்பிட்டு, குவெற்றியாபின் சற்று மேல் என்று 2025 இல் சொன்னது. குவெற்றியாபினில் நிறை கூடும், இரத்தச் சீனியும் ஏறக்கூடும். நீரிழிவு இவ்வளவு பரவியுள்ள எங்கள் ஊரில் அதனைச் சிறிய விடயமாகக் கொள்ள முடியாது.

லித்தியம் 1949 இல் ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய மருத்துவரால் மனநோய்ச் சிகிச்சைக்குள் கொண்டுவரப்பட்ட பழைய, மலிவான மருந்து. அதன் சிக்கல், பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையிலுள்ள இடைவெளி மிகக் குறுகியது என்பதாகும். ஆகவே இரவுக் குளிசை எடுத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் இரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். சிறுநீரகத்தையும் தைரொயிட்டையும் இடைக்கிடை சோதிக்க வேண்டும். இங்குள்ள வாழ்க்கைக்கு இரண்டு விடயங்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கந்தசஷ்டியில் தண்ணீரும் குடியாமல் உபவாசம் இருப்பவருக்கு உடலில் நீர் குறைய லித்தியத்தின் அளவு ஏறும். முழங்கால் வலிக்குப் பார்மசியில் கேட்டு வாங்கும் டைக்குளோபெனக் குளிசையும் அதனை ஏற்றும். கை நடுக்கம் கூடி, வயிற்றோட்டமும் தள்ளாட்டமும் வந்தால் அடுத்த கிளினிக் திகதி மட்டும் காத்திருக்கக் கூடாது. வவுனியா உள்ளிட்ட பகுதிகளில் காணப்படும் நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவருக்கு இந்த மருந்து பெரும்பாலும் பொருந்தாது.

மூன்றாவது வழியைச் சொன்னவுடனேயே வீட்டில் அழுகை தொடங்கும். மின்வலிப்புச் சிகிச்சை, இ.சி.ரி. என்று மருத்துவர்களும், கரண்ட் வைக்கிறது என்று மற்றவர்களும் சொல்வது. 1938 இல் உரோமில் செர்லெற்றியும் பினியும் முதன்முதலில் இதனைச் செய்தபோது மயக்கமருந்து கிடையாது, நோயாளியின் உடல் முழுவதும் வலித்து இழுத்தது. சினிமாவில் இன்றும் காட்டப்படுவது அந்தக் காலத்துக் காட்சிதான். இன்றைய நடைமுறை வேறு. முதல் நாள் தலை முழுகி, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வார்கள், எண்ணெய்த் தலையில் மின்வாய் ஒழுங்காகப் பதியாது. நடு இரவுக்குப் பிறகு சாப்பாடில்லை. காலையில் கட்டுப்பல்லையும் கொண்டை ஊசியையும் கழற்றி, கையில் ஊசி ஏற்றி, மயக்கமருந்து கொடுத்த பின்னர் தசைகளைத் தளர்த்தும் மருந்தைக் கொடுக்கிறார்கள். அதற்குமுன் ஒரு கணுக்காலில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியை இறுக்கிவிடுவதுண்டு. தளர்த்தும் மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாது. மின்சாரம் சில செக்கன்கள் பாய்ந்த பிறகு உடல் அசையாமல் கிடக்க, அந்தப் பாதம் மட்டும் ஒரு நிமிடத்துக்குட்பட்டுத் துடித்து அடங்கும். மூளையில் வலிப்பு வந்ததென்பதற்கு அதுதான் அடையாளம். பல்லுக்கிடையில் வைத்த இறப்பரை எடுத்துவிட்டு, நோயாளி தானாக மூச்செடுக்கும்வரை ஒட்சிசன் கொடுக்கிறார்கள். சிறிது நேரத்தில் கண்விழித்து, தான் எங்கே இருக்கிறேன் என்று கேட்பார். கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று தடவையாக, ஆறு முதல் பன்னிரண்டு தடவைகள் இது தேவைப்படலாம்.

"கரண்ட் வைச்சால் மூளை பழுதாப்போகும்" என்ற அச்சத்துக்கு நேர்மையான பதில் இரண்டு பகுதிகளைக் கொண்டது. இறப்பு ஆபத்து மிகக் குறைவு. இலட்சம் சிகிச்சைகளுக்கு ஏறத்தாழ இரண்டு என்று பல நாடுகளின் பதிவுகளைத் திரட்டிய ஆய்வொன்று கணித்தது. ஞாபக இழப்போ உண்மையானது. சிகிச்சை நடந்த கிழமைகளும் அதற்கு முந்திய சில மாதங்களும் மங்கிப்போகலாம். பெரும்பாலும் திரும்பிவிடும், சிலருக்குச் சில நினைவுகள் திரும்புவதேயில்லை. தலையின் வலப்பக்கம் மட்டும் மின்வாய் வைக்கும் முறையில் இது குறைகிறது. அப்படிச் செய்ய முடியுமா என்று குடும்பத்தார் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவாகாது.

நான்காவது, கெற்றமீன். சத்திரசிகிச்சைக் கூடங்களில் பல்லாண்டுகளாகப் பயன்படும் இந்த மயக்கமருந்தைக் குறைந்த அளவில் நாளத்தினூடாக ஏற்றினால் மனச்சோர்வு சில மணித்தியாலங்களில் இலகுவாகிறது என்பதை யேல் பல்கலைக்கழகத்தினர் 2000 இல், ஏழு நோயாளிகளை மட்டும் கொண்ட சிறு ஆய்வொன்றில் காட்டினார்கள். குளிசைகள் கிழமைக்கணக்கில் எடுக்கும் வேலையை ஒரே நாளில் செய்கிறதென்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது. மூக்கில் விசிறும் எஸ்கெற்றமீன் 2019 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விசிறிய பிறகு இரண்டு மணித்தியாலம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். பயனின் உறுதியையும் செலவையும் பார்த்து, இங்கிலாந்தின் அரச சுகாதார சேவைக்கு நைஸ் அமைப்பு அதனைப் பரிந்துரைக்கவில்லை.

கெற்றமீனா, இ.சி.ரி.யா என்ற கேள்விக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் நேர்மாறான விடைகளைத் தந்திருக்கின்றன. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தினர் ஆறு மருத்துவமனைகளில் 186 நோயாளிகளை வைத்து நடத்தி 2022 இல் வெளியிட்ட ஆய்வில், இ.சி.ரி. பெற்றவர்களில் 63 வீதத்தினரும் கெற்றமீன் பெற்றவர்களில் 46 வீதத்தினரும் குணமடைந்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஐந்து நிலையங்களில் 403 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், கெற்றமீனுக்கு 55.4 வீதத்தினரும் இ.சி.ரி.க்கு 41.2 வீதத்தினரும் முன்னேற்றம் காட்டினார்கள். இதில் ஒன்றை மட்டும் படித்தவர் நூறு வீத உறுதியோடு வாதாடுவார்; இரண்டையும் படித்தவர் குழம்புவார். நோயாளிகளைப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. சுவீடனில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் வாட்டில் படுத்திருந்தவர்கள், எண்பத்தைந்து வயதுவரை உள்ளவர்கள், குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் இருந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். அமெரிக்காவில் அத்தகைய அறிகுறி உள்ளவர்கள் விலக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் வீட்டிலிருந்து கிளினிக்குக்கு வந்துபோனவர்கள். இ.சி.ரி. மூன்று கிழமைக்குள் ஒன்பது தடவையோடு மட்டுப்படுத்தப்பட்டதும் அதன் பயனைக் குறைத்திருக்கலாம்.

ஆகவே தெல்லிப்பழை ஆஸ்பத்திரியின் மனநல வாட்டில் அனுமதிக்கப்பட்டு, சாப்பாட்டை மறுத்து, செய்யாத பாவத்துக்குத் தண்டனை வரப்போகிறது என்று நம்பிக் கிடக்கும் எழுபது வயதுத் தாயாருக்குச் சுவீடன் ஆய்வுதான் பேசுகிறது. பாடசாலைக்குப் போய்வந்துகொண்டே உள்ளுக்குள் உடைந்துபோயிருக்கும் முப்பத்தைந்து வயது ஆசிரியருக்கு அமெரிக்க ஆய்வு நெருக்கமானது. ஆனால் அவருக்கும் கெற்றமீன் ஒரு முழு விடையாகாது: இதன் பயன் நாட்கணக்கில் கரைவதால் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும், ஏற்றும்போது இரத்த அழுத்தம் உயரும், தன்னைவிட்டுத் தான் விலகி நிற்பது போன்ற உணர்வு வரும். பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. போதைப்பொருள் பாவனை வீட்டுக்கு வீடு பேச்சாகிவிட்ட மாவட்டத்தில், மருத்துவ மேற்பார்வை இல்லாத எந்தக் கெற்றமீனையும் சிகிச்சை என்ற பெயரில் ஏற்கக் கூடாது.

ஐந்தாவது வழி, ரொறன்ரோ மகன் அனுப்பிய காணொளியில் உள்ளது. ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் அந்தனி பார்க்கர் 1985 இல் உருவாக்கிய காந்தத் தூண்டல் கருவியிலிருந்து வந்த இந்தச் சிகிச்சையில், தலையின் இடது முன்பக்கத்தில் வைக்கப்படும் சுருள் மரங்கொத்தி கொத்துவதுபோல் டக்டக் என்று அடிக்கும். மயக்கமருந்து இல்லை, ஞாபகம் கெடுவதில்லை, முடிந்ததும் எழுந்து நடந்து போகலாம். 2018 இல் வெளியான கனடிய ஆய்வு, 414 பேரை வைத்து, முப்பத்தேழரை நிமிடம் எடுத்த பழைய முறைக்கு மூன்று நிமிடத்தில் முடியும் புதிய முறை குறைந்ததல்ல என்று காட்டியது. நெதர்லாந்தில் 2024 இல் வெளியான ஒப்பீட்டில், குறைந்தது இரண்டு மருந்துகளில் குணமடையாதவர்களுக்கு இன்னொரு மருந்துக்கு மாறுவதைவிடக் காந்தச் சிகிச்சை தெளிவாக மேலாக இருந்தது: குணமடைந்தோர் 27.1 வீதத்துக்கு எதிராக 4.9 வீதம். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாக ஐந்தே நாளில் முடித்து, 79 வீதத்தினர் நான்கு கிழமைக்குள் குணமடைந்ததாக 2021 இல் அறிவித்தது. காணொளிகளில் முழங்குவது இந்த எண்தான். அந்த ஆய்வில் மொத்தமாக இருந்தவர்கள் 29 பேர். அவர்களில் பாதிப்பேருக்குப் போலிச் சிகிச்சை. பதினான்கு பேரின் முடிவை நம்பி நகையை அடகு வைப்பதற்குமுன் ஒரு தடவை யோசிக்கலாம்.

இந்தச் சிகிச்சையின் உண்மையான விலை தூரம். வழமையான முறையில் கிழமைக்கு ஐந்து நாளாக நான்கு முதல் ஆறு கிழமை போக வேண்டும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தள்ளியுள்ள கொழும்பிலோ, பலாலியிலிருந்து விமானமேறிச் சென்னையிலோ ஒன்றரை மாதம் வீடெடுத்துத் தங்க வேண்டுமானால், நோயாளியோடு இன்னொருவரும் வேலையை விட வேண்டும். நித்திரையும் சாப்பாடும் குழம்பிய ஒருவரைப் பழகாத ஊரில் வைத்திருப்பதும் சிகிச்சைக்கு உதவாது. இன்னுமொன்றை யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் மறவாமல் சொல்ல வேண்டும். தலையிலோ கழுத்திலோ ஷெல் துண்டு இருக்கிறவர் காந்தச் சுருளுக்குக் கீழே போகக் கூடாது. யுத்த காலத்துக் காயம் ஆறி முப்பது வருடமாகிவிட்டதால் அதனைக் காயமாகவே கருதாதவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சை நிலையத்தின் படிவத்தில் உலோகம் உண்டா என்ற கேள்வியை அவர்கள் பல்லுக்கம்பி பற்றியதென்று நினைத்து இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

ஆறாவது வழி எல்லாவற்றிலும் ஆரவாரம் குறைந்தது: மருந்தோடு பேச்சுவழிச் சிகிச்சையைச் சேர்ப்பது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் தலைமை தாங்கி 2013 இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தெடுத்தும் குணமில்லாத 469 பேரில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சையும் பெற்றவர்களில் 46 வீதத்தினருக்கு ஆறு மாதத்தில் அறிகுறிகள் பாதியாகக் குறைந்தன. வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 22 வீதம். பல ஆண்டுகள் கழித்துத் தொடர்ந்து பார்த்தபோதும் வேறுபாடு நிலைத்திருந்தது, கெற்றமீனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இதற்குப் பெரிய படிப்புப் படித்தவர் தேவை என்ற தடையையும் கோவாவில் உளமருத்துவர் விக்ரம் பட்டேலின் குழு 2017 இல் தளர்த்தியது. ஆறு முதல் எட்டு அமர்வுகளில், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் நோயாளியைச் சிறு வேலைகளுக்குத் திரும்பச் செய்யும் முறையை நடத்தினார்கள், பயன் தெரிந்தது. அந்த நோயாளிகள் மருந்துகள் தோற்றவர்கள் என்று தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதை மறக்கக் கூடாது. இருந்தும், பிரதேச செயலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் சாந்திகம் போன்ற நிலையங்களிலும் தமிழில் பேசும் உளவளத்துணையாளர்கள் உள்ள யாழ்ப்பாணத்துக்கு இந்த வழி கைக்கெட்டும் தூரத்திலுள்ளது. யாழ். பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் உளமருத்துவம் கற்பித்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தத்தின் மனவடு தனியாளோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று தொடர்ந்து எழுதியவர். அவ்வாறாயின் மருந்துக் குளிசையை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதன் எல்லை புரியும்.

ஒருவகைக் காளானில் உள்ள சிலோசைபினையும் மூளைக்குள் மின்கம்பி பொருத்தும் சத்திரசிகிச்சையையும் பற்றிச் செய்திகள் வருகின்றன. முதலாவதை லண்டன் இம்பீரியல் கல்லூரி 2021 இல் வழக்கமான மருந்தொன்றோடு ஒப்பிட்டபோது, முதன்மை அளவீட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டாவது ரொறன்ரோவில் 2005 இல் ஆறு பேரிடம் நம்பிக்கை தந்து, பின்னர் பெரிய ஒப்பீட்டு ஆய்வில் சறுக்கியது. இன்றைய முடிவுக்கு இவை இரண்டும் உதவா.

என் தெரிவு இப்படி அமையும். நோயாளி சாப்பாடு தண்ணீர் மறுத்தால், உயிரை மாய்க்கும் எண்ணம் தீவிரமாக இருந்தால், இல்லாத குரல் கேட்டால், மற்ற எல்லா வழிகளையும் ஒதுக்கி இ.சி.ரி.க்குச் சம்மதிப்பேன், அந்த நிலையில் மூன்றாவது மருந்து வேலை செய்யும்வரை ஆறு கிழமை காத்திருப்பதுதான் ஆபத்தான தெரிவு. அன்றிரவே பேச ஆள் தேவைப்பட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் உண்டு. அவசரமில்லாதபோது துணை மருந்தையும் பேச்சுவழிச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கி மூன்று மாதம் பொறுப்பேன், அதுவும் சரிவராவிட்டால் காந்தச் சிகிச்சைக்குப் பணமும் தங்குமிடமும் துணையும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பேன். இந்த வரிசையைச் சில மருத்துவர்கள் ஏற்கமாட்டார்கள், குறிப்பாகப் பேச்சுவழிச் சிகிச்சையை இவ்வளவு முன்னுக்கு வைத்ததை. நோயாளியைப் பார்த்த மருத்துவரின் சொல்லுக்கே அங்கு எடை அதிகம்.

பல்கலைக்கழக ஆய்வொன்றில் சேரும்படி கேட்கப்பட்டால் அதனையும் ஒரு தெரிவாகக் கருதலாம். அறநெறிக் குழுவின் அனுமதி இருக்கிறதா, போலிச் சிகிச்சைக் குழுவில் விழ வாய்ப்புண்டா, விழுந்தால் பின்னர் உண்மையான சிகிச்சை தரப்படுமா, இப்போது எடுக்கும் மருந்தை நிறுத்தச் சொல்வார்களா என்று கேட்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் விலகலாம், விலகினால் வழமையான கிளினிக் பராமரிப்பு பாதிக்கப்படாது என்பது சம்மதப் பத்திரத்தில் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எந்த வழியில் குணம் வந்தாலும், அதன் பிறகான மாதங்களை முதலிலேயே திட்டமிடாவிட்டால் வந்த குணம் நிற்காது. இ.சி.ரி.யால் தேறியவர்களை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆறு மாதம் தொடர்ந்து பார்த்து 2001 இல் வெளியிட்ட முடிவில், வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 84 வீதத்தினருக்கும், நோர்ற்றிப்ரிலின் என்ற மனச்சோர்வு மருந்தை மட்டும் எடுத்தவர்களில் 60 வீதத்தினருக்கும், அதனோடு லித்தியமும் எடுத்தவர்களில் 39 வீதத்தினருக்கும் நோய் திரும்பியது. "இப்ப நல்லாயிருக்கிறா, இனி மருந்தேன்" என்று வாட்டிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த கையோடு குளிசையை நிறுத்தும் குடும்பங்கள் இந்த மூன்று எண்களையும் பார்க்க வேண்டும். வாட்டை விட்டு வெளியேறும்போதே அடுத்த கிளினிக் திகதியையும், தொடர வேண்டிய மருந்தின் பெயரையும், லித்தியமானால் இரத்தம் எடுக்க வேண்டிய நாளையும் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வர வேண்டும்.